மறுபடி பார்க்க வேண்டும்

இரண்டு நாளாக ஒரே நினைப்பு. இரண்டாம் உலகப் போரைப் பற்றிய 'தி வேர்ல்ட் அட் வார்' ஆவணத் தொடரை முதலிலிருந்து பார்க்க வேண்டும். 1973-இல் பிரிட்டனின் தேம்ஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பத் தொடங்கிய 26 பாகங்கள். எப்போதோ நண்பர் வீட்டில் கேசட்டில் பார்த்தது, பாதிகூட முடிக்கவில்லை.

முதல் பாகத்தின் தொடக்கம் மட்டும் மனதை விட்டுப் போகவே இல்லை. கூரையில்லாத வீடுகள், ஆளற்ற தெரு. பிரான்சின் ஒராதூர்-சூர்-க்ளான் என்ற ஊர். 1944 ஜூன் 10 அன்று அங்கே எஸ்.எஸ். என்ற ஜெர்மன் நாஜிப் படை நுழைந்தது. ஆண்களைக் களஞ்சியங்களில் சுட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்தில் அடைத்துத் தீ வைத்தார்கள். 600-க்கும் மேற்பட்ட உயிர்கள். தொடருக்குப் பின்னணிக் குரல் கொடுத்த நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் அதைக் குரலை உயர்த்தாமல் சொல்வார். அந்த அடங்கிய குரல்தான் தூங்கவிடாது.

இன்னொன்று, அது எடுக்கப்பட்ட காலம். போர் முடிந்து 30 வருடம்கூட ஆகவில்லை. ஹிட்லரின் அமைச்சர் ஆல்பர்ட் ஷ்பேயர், செயலாளர் ட்ராவுடல் யுங்கே, கடற்படைத் தளபதி கார்ல் டோனிட்ஸ் எல்லோரும் கேமரா முன் உட்கார்ந்து பேசினார்கள். சாதாரணச் சிப்பாய்களும் பேசினார்கள். பேச்சின் நடுவே விழும் மௌனத்தைக்கூட வெட்டாமல் விட்டிருப்பார்கள். இப்போது வரும் போர்ப் படங்களில் அந்தப் பொறுமை எங்கே? ஒரு நொடி விடாமல் இசை அலறுகிறது.

பிபிசி 1964-இல் எடுத்த 'தி கிரேட் வார்' தொடரும் வேண்டும். முதல் உலகப் போரில் நின்றவர்களே பேசுவது அதில் இருக்கிறது.

யாரிடமாவது டிவிடி இருந்தால் சொல்லுங்கள். பத்திரமாகத் திருப்பித் தருவேன்.