கையைப் பார்த்தார்கள், வாயைப் பார்க்கவில்லை

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நள்ளிரவில் மருத்துவமனைக்குள் நுழைகிறவருக்கு வாசல் காவலாளி முதற்கொண்டு எல்லோரும் எழுந்து வழிவிடுவார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நுழைகிறவருக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. சென்ற மாதம் தாங்க முடியாத பல்வலியோடு எங்கள் பக்கத்து மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், ஏறக்குறைய சந்தேகக் கைதியைப் போல் விசாரிக்கப்பட்டுத் திரும்பி வந்தேன். மருத்துவமனையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் படிப்பவர்களின் கோபம் அந்த ஒரு கட்டடத்தோடு தீர்ந்துபோய்விடும்.

நான் வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. கீழ்த்தாடையின் இடப்பக்கக் கடைவாய்ப்பல் ஒன்றில் நெடுநாளாகவே சொத்தை இருந்தது. வேர் சிகிச்சையும் கேப்பும் சேர்த்து எட்டாயிரம் ரூபாய் ஆகும் என்று தெருமுனைப் பல் மருத்துவர் சொல்லியிருந்தார். சீட்டுப் பணம் வந்ததும் செய்துகொள்ளலாம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. சீட்டு விழும்வரை பல் பொறுக்கவில்லை.

அன்று மாலை லேசாக ஆரம்பித்த வலி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு காது, நெற்றிப்பொட்டு, கழுத்து என்று பரவி, எந்தப் பல்லில் வலிக்கிறது என்றே சொல்ல முடியாத நிலைக்குக் கொண்டுபோய்விட்டது. படுத்தால் ஏறும், எழுந்து உட்கார்ந்தால் சற்று இறங்கும். அம்மா நசுக்கித் தந்த கிராம்பால் ஈறுதான் எரிந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாய் கொப்பளிக்காமல் அப்படியே வைத்திருந்தால் மட்டும் வலி அடங்கியது. வாய்ச்சூட்டில் அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பானதும் மறுபடி உயிர் போனது. உடனே துப்பிவிட்டு அடுத்த வாய். பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட கூழ் போன்ற திசு ஒன்று இருக்கிறது. உடம்பில் வேறெங்கே வீக்கம் வந்தாலும் சதை விரிந்துகொடுக்கும். பற்கூழைச் சுற்றி இருப்பதோ விரியவே விரியாத கடினமான சுவர். வீங்க இடமில்லாததால் அழுத்தம் முழுவதும் நரம்பின் மேல் இறங்குகிறது. படுக்கும்போது தலைக்கு ஏறும் இரத்த ஓட்டம் கூடுவதால் வலியும் கூடுகிறது. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்ததெல்லாம் தண்ணீர் பாட்டிலைக் கையை விட்டு வைக்கக் கூடாது என்பதுதான். அண்ணன் பைக்கை எடுத்தபோதும் அந்தப் பாட்டிலோடுதான் பின்னால் ஏறினேன்.

சீட்டு வாங்கி உள்ளே போனோம். விபத்தில் மண்டை உடைந்த ஒரு பையனுக்குத் தையல் போட்டு முடித்துவிட்டுப் பணி மருத்துவர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டதைப் பார்த்த செவிலியர், "இங்க தண்ணி குடிக்கக் கூடாது, வெளிய போய் குடிச்சிட்டு வா" என்றார். வாயில் தண்ணீர் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. பேச்சை அண்ணன்தான் ஆரம்பித்தான்.

"பல்வலி சார். ரொம்பத் துடிக்கிறான்."

"பல்வலிக்கெல்லாம் கேஷுவாலிட்டிக்கு வருவாங்களா? காலைல பல் டாக்டர் வருவாரு, அப்ப கூட்டிட்டு வாங்க."

"டோலோ போட்டான், ஜீரோடால் போட்டான், எதுவும் கேக்கல சார்."

"மாத்திரை பேரெல்லாம் கரெக்டா சொல்றீங்களே. எந்த ஏரியா?"

"கொருக்குப்பேட்டை."

அந்த ஊர்ப்பெயரைக் கேட்டதும் மருத்துவரும் செவிலியரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு என்னைப் பார்த்து, "முழுக்கைச் சட்டையை மடிச்சு விடு" என்றார் மருத்துவர். எதற்கென்று புரியாமலே மடித்துவிட்டேன். இரண்டு முழங்கை மடிப்புகளையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. ஊசித் தழும்பு தேடுகிறார்.

அவருடைய சந்தேகம் ஆகாயத்திலிருந்து விழுந்ததன்று. வலி நிவாரண மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் சென்னையில் இளைஞர்கள் சிலரைத் தின்றுகொண்டிருக்கிறது. டேபெண்டடால் போன்ற மாத்திரைகளைக் கள்ளத்தனமாக விற்றவர்கள் கைது என்ற செய்தியில் எங்கள் பகுதிகளின் பெயர்களும் அடிபடுகின்றன. நள்ளிரவில் வலி என்று சொல்லிக்கொண்டு வரும் ஓர் இளைஞன் அப்படிப்பட்டவனாக இருக்கலாம் என்று ஒரு மருத்துவர் நினைத்தால், அதை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளவும் வாயைத்தானே முதலில் பார்த்திருக்க வேண்டும்? பல்வலி என்பது பொய் சொல்லிச் சமாளிக்கக் கடினமான நோய். குழிவிழுந்த பல் அங்கே கறுத்துக் கிடக்கும். ஒரு டார்ச் அடித்தால் தெரியும். எதையாவது வைத்து மெல்லத் தட்டினால் நோயாளியின் முகமே சொல்லிவிடும். விபத்துக் காயங்களைப் பார்ப்பதற்கான பெரிய விளக்கு என் தலைக்கு மேல் எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்த வெளிச்சம் என் கைக்குக் கிடைத்தது, வாய்க்குக் கிடைக்கவில்லை.

இடுப்பில் ஒரு டைக்ளோஃபினாக் ஊசி போட்டார்கள். பழுப்பு நிறக் காகித உறையில் அமாக்ஸிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாடிக்), பாண்டோப்ரசோல், ஒரு பி-காம்ப்ளெக்ஸ் என்று ஐந்து நாளைக்கான மாத்திரைகளைப் போட்டுத் தந்தார்கள். ஜீரோடாலில் இருக்கும் அசிக்ளோஃபினாக்கும் ஊசியில் இருக்கும் டைக்ளோஃபினாக்கும் ஒரே குடும்பத்து மருந்துகள். இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் சுமை கூடும். மாத்திரைப் பெயர் தெரிந்திருந்ததற்காக என்னைச் சந்தேகித்தவர், அவற்றை எப்போது, எவ்வளவு போட்டேன் என்று கேட்கவில்லை. சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கு வலியைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது. அண்ணன் வழியெல்லாம் பேசவில்லை. ஊசியின் பலன் விடிவதற்கு முன்பே தேய்ந்துவிட்டது.

என் மானப் பிரச்சினையை ஒதுக்கிவைத்துவிட்டே பார்ப்போம். கீழ்க்கடைவாய்ப் பல்லின் வேரில் தொடங்கும் சீழ், தாடை எலும்பைத் துளைத்துக்கொண்டு நாக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் பரவினால் அதற்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர். லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1836-இல் விவரித்த நோய் அது. வாயின் அடித்தளம் பலகைபோல் இறுகி, நாக்கு மேலெழும்பி, மூச்சுப் பாதையை அடைத்துவிடும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வருவதற்கு முன்னால் இந்த நோய் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். இப்போது சாவு வெகுவாகக் குறைந்துவிட்டது என்றாலும், சில மணி நேரத்துக்குள் நிலைமை கைமீறிப் போகக்கூடிய நோயாகத்தான் அது இன்றும் இருக்கிறது. பல்வலி என்று வருகிறவரிடம் அவசர சிகிச்சைப் பிரிவு தேட வேண்டியது இதைத்தான். வாய் முழுதாகத் திறக்கிறதா, எச்சிலை விழுங்க முடிகிறதா, தாடைக்குக் கீழோ நாக்குக்கு அடியிலோ வீக்கம் இருக்கிறதா, காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா? பல் மருத்துவம் படித்திருக்கத் தேவையில்லை. கருவி ஒன்றும் தேவையில்லை. எனக்கு அந்த அறிகுறிகள் எவையும் இல்லை என்பது என் அதிர்ஷ்டம். இல்லை என்பதை அவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை.

நம் நாட்டில் பல் மருத்துவம் தனிப் படிப்பு, தனிப் பட்டம், தனிப் பதிவு. பல் மருத்துவர்கள் சட்டம் 1948-இல் வந்தது. எம்.பி.பி.எஸ். படித்தவர் உடம்பு முழுவதற்கும் மருத்துவர். பல் மட்டும் பி.டி.எஸ். படித்தவரின் எல்லைக்குள் போய்விட்டது. எல்லைக்கோடு போட்டதில் தவறில்லை. ஆனால் நோய்க்கு அந்தக் கோடு தெரியாது. இரவு எட்டு ஒன்பது மணியோடு பல் மருத்துவமனைகளின் ஷட்டர் இறங்கிவிட்டால், காலைவரை அந்தப் பல் யாருடைய பொறுப்பும் இல்லாத பல்லாகிவிடுகிறது. பணி மருத்துவர் இளைஞர், களைத்திருந்தார், அன்றைக்குக் கூட்டமும் இருந்தது, எல்லாம் உண்மை. வாயைத் திறக்கச் சொல்ல விடாத அந்தக் களைப்பு, கையைத் திருப்பிப் பார்ப்பதற்கு மட்டும் எப்படி இடம் கொடுத்தது என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

விடிந்ததும் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கப்பட்ட இடம் அது. வரிசை நீளமாகத்தான் இருந்தது. திருவொற்றியூரிலிருந்து ஒரு பாட்டியம்மா, எண்ணூரிலிருந்து ஒரு கைக்குழந்தைக்காரி என்று எனக்கு முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் எங்கள் பக்கத்து மனிதர்கள். என் முறை வந்தபோது, என்னைவிட வயதில் இளையவரான ஒரு மருத்துவ மாணவி, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தார்.

"ஐஸ் தண்ணியா? வாயில வெச்சிருந்தா வலி குறையுதா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்ப நைட்டெல்லாம் தூங்கியிருக்க மாட்டீங்க. உக்காருங்க."

குளிர்ந்த நீரில் வலி அடங்குவது, பற்கூழின் அழற்சி இனித் திரும்பி ஆறாத கட்டத்துக்குப் போய்விட்டதைக் காட்டும் அடையாளங்களில் ஒன்றாம். முந்தைய இரவு வெளியே கொண்டுபோகச் சொன்ன அதே பாட்டில்தான் அது. வாய்க்கண்ணாடியின் காம்பால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிக்கொண்டே வந்தார். அந்தப் பல்லைத் தொட்டதும் நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றி ஒரு கறுப்பு நிழல் தெரிந்தது. மரத்துப்போவதற்கான ஊசி முதலில் சரியாகப் பிடிக்கவில்லை. அழற்சி கண்ட இடத்தில் அமிலத்தன்மை கூடியிருப்பதால் அந்த மருந்து எளிதில் வேலை செய்யாது என்று சொல்லி, கூடுதலாக இன்னோர் ஊசி போட்டார். பிறகு பல்லின் மேற்பரப்பில் சிறு துளையிட்டதும் இரத்தமும் சீழும் கலந்து வந்தன. வந்த நாற்றத்தில் எனக்கே குமட்டியது. "இதுதான் உங்கள தூங்க விடல" என்றார், பஞ்சில் ஒற்றி எடுத்துக்கொண்டே.

காகித உறையைக் காட்டினேன். காய்ச்சலும் வீக்கமும் இல்லாமல், அடைபட்டிருந்ததும் திறந்துவிடப்பட்ட நிலையில் அமாக்ஸிசிலின் தேவையில்லை என்றார். பற்கூழ் அழற்சியின் வலியை நுண்ணுயிர்க்கொல்லி குறைப்பதில்லை. பல்லைத் திறந்துவிடுவதோ பிடுங்குவதோதான் சிகிச்சை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், இத்தகைய வலிக்கு வழக்கமாக நுண்ணுயிர்க்கொல்லி எழுதித் தருவதை ஏற்கவில்லை. வலி திரும்பினால் ஐபுப்ரோஃபனும் பாராசிட்டமாலும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். சொல்வதற்கு முன் வயிற்றுப்புண் உண்டா, ஆஸ்துமா உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா, நேற்றிலிருந்து என்னென்ன போட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எந்த ஏரியா என்று அவரும் கேட்டார். எத்தனை தடவை வர வேண்டியிருக்கும், வந்துபோகச் சிரமமா என்று தெரிந்துகொள்வதற்காக.

இதைப் படிக்கும் வடசென்னைக்காரர்களுக்கு ஒன்று. இரவில் பல்வலி என்று போனால், திருப்பி அனுப்புவதற்கு முன் வாய்க்குள்ளும் தாடைக்குக் கீழும் ஒருமுறை பார்த்துவிடும்படி கேளுங்கள். அப்படிக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. போட்ட மாத்திரைகளின் அட்டையையும் கையில் கொண்டுபோங்கள். விழுங்க முடியவில்லை, வாய் திறக்கவில்லை, மூச்சு முட்டுகிறது என்றால் காலைவரை பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காமல் 108-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அந்த மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதவில்லை. மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் அச்சடித்து, அவசர சிகிச்சைப் பிரிவின் சுவரில் ஒட்டும்படியும், பல்வலி என்று வருகிறவரின் சீட்டில் அவற்றுக்கான விடைகளை எழுதும்படியும் கேட்டிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை. வந்தால் இங்கேயே எழுதுகிறேன். வேர் சிகிச்சையில் இன்னும் நிரப்பும் வேலை பாக்கி இருக்கிறது. கேப் அதற்குப் பிறகு.