மாடு கத்துவது தொண்டையில், நேரம் குறிப்பது மூளையில்

புதுச்சேரியில் பாகூர், வில்லியனூர் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்கள் வழக்கமாகக் கேட்பது: "மூணு ஊசி போட்டாச்சு, சினை நிக்கல. கர்ப்பப்பையில கோளாறா?" பல மாடுகளில் கர்ப்பப்பை நன்றாகவே இருக்கும். சினை ஊசி, அதாவது உறைவிந்து செலுத்திய நேரம்தான் தப்பு.

மூளையின் அடியில் இருக்கும் ஹைபோதலாமஸ், ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனை விட்டுவிட்டுச் சுரக்கிறது. பத்தே அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சரம் அது. 1971-ல் பன்றி மூளைகளை அரைத்து ஷாலி குழுவும், ஆட்டு மூளைகளை அரைத்து கில்லெமின் குழுவும் அதன் அமைப்பைக் கண்டுபிடித்தன. 1977-ல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. இந்தச் சரம் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டினால்தான் எல்.எச். என்ற அடுத்த ஹார்மோன் வரும், எல்.எச். வந்தால்தான் முட்டை வெடித்து சூலகத்திலிருந்து வெளியே வரும். தட்டுவதிலும் ஒரு கணக்கு உண்டு. 1978-ல் எர்ன்ஸ்ட் நோபில் குழு குரங்குகளுக்கு அதை மணிக்கொரு தடவை கொடுத்தபோது எல்.எச். வந்தது, ஓயாமல் ஏற்றியபோது நின்றுபோனது. விடாமல் தட்டினால் பிட்யூட்டரி கதவைச் சாத்திக்கொள்ளும். "எதுக்கும் இன்னொரு ஹார்மோன் ஊசி" என்று போடுவது எனக்குப் பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

தட்டும் வேகத்தை மாற்றுவது சூலகம். முட்டை வெடித்த இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் அங்கே இருக்கும் நாட்களில், அது சுரக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மூளையை அடக்கி, மூன்று நான்கு மணிக்கு ஒரு துடிப்பாகக் குறைத்துவிடும். அது கரைந்ததும் துடிப்பு ஏறக்குறைய மணிக்கு ஒன்றாகும். முட்டைப்பை வளரும், அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏறும். குறைவாக இருக்கும்போது மூளையை அடக்கிய அதே ஈஸ்ட்ரோஜன், அளவு ஏறியதும் எல்.எச். மடையைத் திறந்துவிடுகிறது. ஆனால் ஜி.என்.ஆர்.எச். செல்களுக்கு ஈஸ்ட்ரோஜனை நேரடியாக உணரும் முக்கிய ஏற்பி கிடையாது. நடுவில் நின்று சேதி சொல்பவை கிஸ்பெப்டின் செல்கள். (கிஸ்பெப்டினுக்கான மரபணு 1996-ல் அமெரிக்காவின் ஹெர்ஷே ஊரில் கண்டுபிடிக்கப்பட்டது, ஊரின் 'கிஸ்ஸஸ்' சாக்லேட்தான் பெயருக்குக் காரணம்.)

மாட்டைக் கத்த வைப்பதும், மற்ற மாடு ஏறினால் அசையாமல் நிற்க வைப்பதும் இதே ஈஸ்ட்ரோஜன்தான். நிற்கத் தொடங்கும் நேரத்தை ஒட்டி எல்.எச். பொங்கும், அதிலிருந்து 24 முதல் 30 மணி நேரத்தில் முட்டை வெடிக்கும். வெடித்த முட்டை அரை நாள்கூடத் தாங்காது, உறைவிந்து ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். அதனால்தான் காலையில் பருவம் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில். ஒற்றை மாடு கட்டியிருக்கும் வீட்டில் ஏற வேறு மாடு இருக்காது, பிறப்புறுப்பிலிருந்து வரும் வழும்பைப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கரு போலத் தெளிவாக, அறுபடாமல் கயிறாகத் தொங்கினால் சரியான நேரம். வாலில் ரத்தக்கறை தெரிந்தால் வண்டி போய்விட்டது. பருவம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். அன்று ஊசி வீண். அடுத்த பருவத்துக்கு அன்றிலிருந்து 18, 19 நாள் எண்ணிக் காத்திருங்கள்.

கன்று போட்ட பின் வரும் முதல் பருவம் பெரும்பாலும் ஊமைப்பருவம். முட்டை வெடிக்கும், மாடு கத்தாது. முன்கூட்டியே சில நாள் புரோஜெஸ்டிரோன் பட்டிருந்தால்தான் மூளை ஈஸ்ட்ரோஜனுக்கு முழுதாக அசையும். கன்று எந்நேரமும் மடியில் ஊட்டினாலும், தீனி போதாமல் மாடு இளைத்தாலும் துடிப்பு குறையும். சித்திரை வெயிலில் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, பருவம் சில மணி நேரத்திலேயே அடங்கிவிடும்; விடியற்காலையிலும் இரவிலும் பார்க்காவிட்டால் தப்பிவிடும்.

பருவம் பிடிபடாத மாட்டுக்கு, முட்டை வெடிக்கும் நேரத்தை மருந்தால் வரையறுக்கும் ஓவ்சிங்க் முறை உண்டு. கால்நடை மருத்துவர் வழியாக மட்டும். முதல் நாள் புசெரலின் (ஜி.என்.ஆர்.எச். போல வேலை செய்யும் மருந்து) 10 மைக்ரோகிராம். ஏழு நாள் கழித்து குளோப்ரோஸ்டினால் (கார்பஸ் லூட்டியத்தைக் கரைக்கும் மருந்து) 500 மைக்ரோகிராம். அதிலிருந்து 56 மணி நேரத்தில் மறுபடி புசெரலின், பிறகு 16 மணி நேரம் கழித்து சினை ஊசி. கெடுவது பெரும்பாலும் மணிக்கணக்கில்தான்: "சாயந்தரம் வரேன்னாரு, மறுநாள்தான் வந்தாரு" என்றால் அந்தச் சுற்று போச்சு. பருவச்சுழற்சியே தொடங்காத ஒல்லி மாட்டில் கரைக்க கார்பஸ் லூட்டியமே இருக்காது. அதற்கு ஏழு நாள் பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரோன் செருகிதான் வழி, அதற்கும் முன்னால் தீவனம்.

குளோப்ரோஸ்டினாலுக்கு முன் சினைப் பரிசோதனை கட்டாயம். சினை மாட்டுக்குப் போட்டால் கலைந்துவிடும். அது மனிதத் தோல் வழியாகவும் ஏறும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் குப்பியைத் தொட வேண்டாம். கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.