அவ என்னடி சாப்பிடுவா?

ஏழாவது அத்தியாயத்தில் கதை நின்று பதினோரு நாள் ஆகிறது. காரணம் எங்கள் அம்மாச்சி.

மயிலாடுதுறையில் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்க்கிறேன். பகலெல்லாம் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் போனில் ஒரு தொடர்கதை எழுதுகிறேன். காவிரியில் மதகு திறந்து மூடும் லஸ்கர் ஒருவன். அதே ஆற்றில் குடியிருக்கும் தெய்வப்பெண் ஒருத்தி. ஆடிப்பெருக்கு அன்று படித்துறையில் அவனைப் பார்க்கிறாள். ஆறு அத்தியாயங்களை நிலா வெளிச்சம், ஈரக்கூந்தல், தாழம்பூ வாசம் என்று ஓட்டிவிட்டேன். ஏழாவதில் முதல்முறையாக அவன் வீட்டுக்கு வருகிறாள். ராத்திரி நேரம். அவன் இலை போட்டு சோறு, முருங்கைக்கீரைக் கூட்டு, மாவடு எல்லாம் வைக்கிறான்.

எழுதியதை அம்மாச்சிக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று பாக்கி, அதனால் அம்மாச்சியால் போனில் படிக்க முடியாது. சுளகில் அரிசியைப் பரப்பிக் கையாலேயே தடவித் தடவிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாச்சி, இலை போட்ட இடத்தில் நிமிர்ந்தது.

"அவ என்னடி சாப்பிடுவா?"

"சொன்னேனே, சோறு, கூட்டு…"

"சாமிக்குப் பசிக்குமா?"

நான் பேசவில்லை.

"பசிக்காதவளுக்கு எதுக்கு இலை? பசிக்கும்னா அப்புறம் அவ என்ன சாமி?"

அவ்வளவுதான். அரிசியைக் களைய உள்ளே போய்விட்டது. நான் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

நமக்கு முன்னால் எழுதியவர்கள் இந்த இடத்தை எப்படித் தாண்டினார்கள் என்று தேட ஆரம்பித்தேன். முதலில் கிடைத்தது ஹோமரின் ஒடிஸி என்ற கிரேக்கக் காவியம். கலிப்ஸோ என்ற தேவதையின் தீவில் ஒடிஸியஸ் ஏழு வருஷம் அகப்பட்டுக் கிடக்கிறான். சாகாவரம் தருகிறேன், இங்கேயே இரு என்கிறாள். கடைசியாக அவனை அனுப்ப வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தபிறகு இரண்டு பேரும் எதிரெதிரே சாப்பிட உட்காருகிறார்கள். அவன் முன்னால் மனிதர் சாப்பிடும் உணவும் பானமும். அவள் முன்னால் பணிப்பெண்கள் வைப்பது அமுதம். ஒரே மேஜை, இரண்டு சமையல். ஏழு வருஷம் குடித்தனம் நடத்தியும் ஒரு கவளம்கூடப் பொதுவில்லை. என் மனைவி உன் அழகுக்கு ஈடில்லைதான், ஆனாலும் நான் வீட்டுக்குப் போகவேண்டும் என்று அவன் சொல்கிறான். மறுநாள் இருபது மரம் வெட்டித் தெப்பம் கட்டத் தொடங்குகிறான்.

சரி, நம் பக்கத்தில்? ஊர்வசி. அப்சரஸ்தான், கோயில் கட்டிக் கும்பிடும் தெய்வம் இல்லை, ஆனால் தேவலோகத்துக்காரி. அவள் காதலித்தது புரூரவஸ் என்ற மனித அரசனை. ரிக்வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 95-வது சூக்தம் இவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதுதான். மொத்தம் பதினெட்டே பாட்டு. அதுவும் காதல் பேச்சு இல்லை, பிரிந்தபிறகு வரும் வாக்குவாதம். அவன் நில், பேசு, திரும்பி வா என்கிறான். முதல் விடியலைப் போல நான் போய்விட்டேன், காற்றைப் போலப் பிடிக்க முடியாதவள் என்கிறாள் அவள். அப்படியானால் நான் செத்துப்போவேன், ஓநாய்கள் என்னைத் தின்னட்டும் என்கிறான். சாகாதே, பெண்களோடு நட்பு என்று ஒன்று கிடையாது, அவர்கள் நெஞ்சு கழுதைப்புலியின் நெஞ்சு என்று பதில் வருகிறது. இதை முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. எந்த ஆம்பளை எழுதினானோ என்று தோன்றியது. இரண்டாம் தடவை படிக்கையில் வேறு மாதிரி பட்டது. சாகத் துணிந்தவனிடம் ஒருத்தி வேறு என்ன சொல்வாள்? நான் அதற்குத் தகுதியானவள் இல்லை, போய் வேலையைப் பார் என்றுதானே சொல்வாள்?

அதற்கு அடுத்த பாட்டில் நான் தேடியது இருந்தது. வேறு உருவத்தில் மனிதரிடையே திரிந்தேன், நான்கு சரத்காலம், அதாவது நான்கு வருஷம், அவர்களோடு இரவுகளைக் கழித்தேன், நாளுக்கு ஒருமுறை ஒரு சொட்டு நெய் சாப்பிட்டேன், அதிலேயே இன்றைக்கும் நிறைவாக இருக்கிறேன் என்கிறாள்.

ஒரு சொட்டு நெய். அம்மாச்சி கேட்ட கேள்வியை யாரோ அன்றைக்கே கேட்டிருக்கிறார்கள்.

முழுக்கதை, வேத காலத்து உரைநடை நூலான சதபத பிராமணத்தில் வருகிறது. ஊர்வசி நிபந்தனையோடுதான் வாழ வருகிறாள். எனக்கு விருப்பமில்லாதபோது தொடக்கூடாது. உன்னை நான் நிர்வாணமாகப் பார்க்கக் கூடாது. அவள் கட்டிலில் ஒரு ஆடும் இரண்டு குட்டிகளும் கட்டியிருக்கும். (தேவலோகத்திலிருந்து வந்தவள் ஆட்டுக்குட்டி வளர்ப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது.) அவளை மீட்டுக்கொண்டுபோக நினைக்கும் கந்தர்வர்கள் ராத்திரியில் ஒரு குட்டியைத் திருடுகிறார்கள், அப்புறம் இன்னொன்றையும். ஆம்பிளையே இல்லாத வீடு மாதிரி என் குட்டிகளைத் தூக்கிப்போகிறார்களே என்று அவள் கத்துகிறாள். புரூரவஸ் எழுந்து ஓடுகிறான். துணி சுற்றிக்கொண்டு போனால் நேரமாகிவிடும் என்று நினைத்தான், மூலத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. அந்த நொடியில் கந்தர்வர்கள் ஒரு மின்னலை விடுகிறார்கள். கரண்ட் போன வீட்டில் திடீரென்று எல்லா விளக்கும் எரிந்த மாதிரி. அவள் பார்த்துவிடுகிறாள். அவன் திரும்பி வருவதற்குள் ஆள் இல்லை.

கடைசியில் கந்தர்வர்கள் இரங்கி ஒரு வரம் தருகிறார்கள். உங்களில் ஒருவனாக வேண்டும் என்று கேட்கிறான். ஒரு பாத்திரத்தில் அக்கினியைக் கொடுத்து, இதில் வேள்வி செய் என்கிறார்கள். ஊர்வசிக்குப் பிறந்த மகனைக் கூட்டிக்கொண்டு வருகிறவன், அக்கினியைக் காட்டிலேயே விட்டுவிட்டு ஊருக்குள் போய்த் திரும்புகிறான். அக்கினி இருந்த இடத்தில் அரசமரம், பாத்திரம் வன்னிமரம். அரசங்கட்டையைக் கடைந்து அந்த நெருப்பை எடுத்து வேள்வி செய்து கந்தர்வனாகிறான். வேள்வியில் அரணிக்கட்டை கடையும்போது கீழ்க்கட்டைக்கு ஊர்வசி, மேல்கட்டைக்குப் புரூரவஸ் என்று பெயர் சொல்வது இதனால்தான். அவர்கள் மகன் ஆயுவின் பெயரை எதைத் தொட்டுச் சொல்கிறார்கள் தெரியுமா? நெய்யை.

காளிதாசர் இதே கதையை எடுத்து ஐந்து அங்க நாடகமாக்கினார். அவருடைய ஊர்வசி தேவலோகத்தில் நாடகம் நடிக்கிறாள், லட்சுமி வேஷம். உன் மனம் யாரிடம் என்று கேட்டால் புருஷோத்தமன் என்று சொல்ல வேண்டும். புரூரவஸ் என்று சொல்லிவிடுகிறாள். தினமும் டைப் அடிக்கிற எனக்கு இந்தத் தப்பு நன்றாகப் புரிகிறது. முதல் எழுத்து ஒன்றாக இருந்தால் விரல் பழகிய பக்கம் போய்விடும். ஆனால் முடிவில் இந்திரன் பெரிய மனசு வைத்து, அவன் ஆயுள் உள்ளவரை கூடவே இருந்துகொள் என்று அனுமதிக்கிறானே, அங்கே எனக்கு ஒட்டவில்லை. அவன் ஆயுள் முடிந்தபிறகு? அந்தக் கேள்வி வருவதற்குள் நாடகத்தை முடித்துவிடுகிறார்.

இளங்கோவடிகளுக்கு அந்தச் சிக்கலே இல்லை. அகத்தியர் சாபத்தால் பூமியில் பிறந்த ஊர்வசியின் வழியில் வந்தவள் என்றுதான் மாதவியை அறிமுகம் செய்கிறார். எங்களுக்கு பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கிற பூம்புகாரில் வந்து இறங்கிவிட்டது அந்த வம்சம். இறங்கியதும் வயசு வந்துவிடுகிறது. ஏழாண்டு பயிற்சி, பன்னிரண்டு வயதில் அரங்கேற்றம், ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் விலையுள்ள மாலை. தேவலோகத்து ஊர்வசியைத் தேடிக் காடெல்லாம் அலைந்தான் ஒருவன். பூமியில் பிறந்த மாதவியைக் கடற்கரையில் ஒரு பாட்டுக்காக விட்டுவிட்டுப் போனான் இன்னொருவன்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இரண்டு தேதி வரும். இடது பக்கம் தோற்றம், வலது பக்கம் மறைவு. ஒருமுறை நான் மறைவுத் தேதியைப் போட மறந்து, புரூஃப் பார்த்தவர்களும் கவனிக்காமல், நாற்பது போஸ்டர் அடித்தாகிவிட்டது. தோற்றம் மட்டும் இருக்கிறது, அந்தப் பெரியவர் சாகவே இல்லை. அந்தக் காசு என் சம்பளத்தில் போனது.

கிரேக்கத்து விடியல் தேவதை ஈயோஸ் செய்ததும் இதே வேலைதான். டித்தோனஸ் என்ற அழகான மனிதனைத் தூக்கிக்கொண்டு போனாள். தேவர்களின் அரசன் ஸியூஸிடம் போய் இவனுக்குச் சாவே வரக்கூடாது என்று வரம் வாங்கினாள். இளமை என்ற வார்த்தையைச் சேர்க்க மறந்துவிட்டாள். புரூஃப் பார்க்காமல் பிரிண்ட்டுக்குப் போன மேட்டர். முதல் நரை வந்ததும் அவன் படுக்கைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு கொடுத்தாள், அமுதமும் கொடுத்தாள், நல்ல துணி கொடுத்தாள். கை கால் அசைக்க முடியாமல் போனதும் ஓர் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே அவன் குரல் மட்டும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. கிரேக்கக் கவிஞர் சாஃபோவும் தன் வயோதிகத்தைப் பற்றிய பாட்டில் இவனை நினைத்துக்கொள்கிறாள். மான்குட்டி மாதிரி ஆடிய முழங்கால் இப்போது என்னைத் தாங்கவில்லை என்கிறாள். ஏறக்குறைய 2600 வருஷம் பழைய பாட்டு. அதன் பெரும்பகுதி கொலோன் பல்கலைக்கழகத்திலிருந்த பாப்பிரஸ் (பழங்காலத்து நாணல் தாள்) துண்டுகளிலிருந்து 2004-இல்தான் தெரியவந்தது.

முழங்கால் என்றதும் அம்மாச்சி ஞாபகம். போன வருஷம் ஒரு வேலை கொடுத்தது. தாத்தா முப்பத்தாறு வயதில் போனவர். இருப்பது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ. அதையும் தன் போட்டோவையும் சேர்த்து ஒரே படமாக்கித் தரச் சொன்னது. கடையில் இது வாரத்துக்கு ஒன்றாவது வரும் வேலைதான். கணவன் சின்ன வயதிலேயே போயிருப்பார், மனைவி கிழவியாகியிருப்பார். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அம்மாவும் பிள்ளையும் மாதிரி இருக்கும். அதனால் அந்த அம்மாவின் முகத்தைக் கொஞ்சம் மழுப்பி, முடியைக் கறுப்பாக்கி, முப்பது வருஷத்தைக் குறைத்துக் கொடுப்போம். யாரும் எதுவும் சொன்னதில்லை. அம்மாச்சிக்கும் அப்படியே செய்து பெரிய பிரிண்ட்டாகப் போட்டு எடுத்துவந்தேன்.

புரை எடுத்த கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தது.

"அவரு அவருதான். பக்கத்துல யாரு?"

"நீதான் அம்மாச்சி."

"இவள அவருக்குத் தெரியுமா?"

என்ன சொல்வதென்று தெரியவில்லை. மறுநாள் சுருக்கத்தையெல்லாம் திருப்பிக் கொண்டுவந்து, நரையையும் கொண்டுவந்து, இன்னொரு பிரிண்ட் போட்டேன். அதுதான் இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் உங்க மகனா என்று கேட்கிறார்கள். அம்மாச்சி ஒவ்வொரு தடவையும் சிரிக்கிறது. "அவரு அப்படியே இருக்காரு, நான்தான் நாலு எடத்துக்குப் போயிட்டு வந்த மாதிரி ஆயிட்டேன்" என்று ஒருநாள் சொன்னது.

நேற்று ராத்திரி கதையை மறுபடி எடுத்தேன். ஊர்வசியின் நெய்யைப் பற்றி அம்மாச்சியிடம் சொன்னேன். ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒரு சொட்டா? வீடு தேடி வந்தவளுக்கு ஒரு சொட்டு நெய்ய ஊத்தி அனுப்புவானா? நல்லா இருக்குடி."

"அப்ப நீயே சொல்லு."

கொஞ்ச நேரம் யோசித்தது. "ஒரே எல போடச் சொல்லு. சோத்த சுடச்சுட வைக்கணும், ஆவி பறக்கணும். சாமி ஆவியத்தான் சாப்பிடும். அவ சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவன் கை வைக்காம இருக்கட்டும். அப்புறம் அதே எலையில அவன் சாப்பிடட்டும்."

போனில் அடித்துக்கொண்டே இருந்தேன். எழுந்து போன அம்மாச்சி வாசற்படியில் நின்று திரும்பியது.

"அந்தக் கீரைய எடுத்துடு. ராத்திரில கீரை ஆவாது."

"சாமிக்குமா?"

"அவன்ல சாப்பிடப் போறான்."