பழைய காரில் நெடும்பயணம்: வழியில் யாரிடம் கொடுப்பது?

1960-களின் காரை எடுத்துக்கொண்டு தூரப் பயணம் கிளம்பினால், வழியில் பெரிய சர்வீஸ் சென்டரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அங்கே ஸ்கேனரைச் செருகித்தான் பழுதைப் படிப்பார்கள்; இந்த வண்டியில் செருகுவதற்கு இடமே கிடையாது. டிராக்டரும் பழைய லாரியும் பார்க்கும் பட்டறைதான் முதலில் போக வேண்டிய இடம். டாப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தத்தைக் காதால் கேட்பவர், ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்தே பெட்ரோல் கூடுதலா குறைச்சலா என்று சொல்பவர் அங்கேதான் இருப்பார்.

ஒரே மெக்கானிக் எல்லாவற்றையும் பார்ப்பார் என்று எதிர்பார்க்கவும் கூடாது. ரேடியேட்டர் ஒழுகினால் ஈயம் வைத்துப் பற்றவைப்பவர், டயனமோ படுத்தால் காயில் கட்டுபவர், கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) புஷ் தேய்ந்தால் வெண்கலத்தில் கடைந்து தரும் லேத்காரர் என்று மூன்று பேர் தேவைப்படலாம். அதனால் ஒவ்வொரு நாள் ஓட்டத்தையும் லேத் இருக்கும் ஊரில், பட்டறை மூடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடிப்பதுபோலத் திட்டமிடுங்கள். வழியில் உள்ள பழைய கார் உரிமையாளர்களிடம் “நல்ல மெக்கானிக் யார்?” என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். “உங்கள் கியர்பாக்ஸை யார் பிரித்துக் கட்டினார்?” என்று கேளுங்கள்.

பட்டறைக்குப் போனதும் ஒரு கேள்வி போதும்: “பாயின்ட் கேப் எவ்வளவு வைப்பீர்கள்?” (ஸ்பார்க் வரவைக்கத் திறந்து மூடும் சிறு மின்தொடர்புதான் பாயின்ட்; அதன் இடைவெளிதான் கேப்.) யோசிக்காமல் ஒரு எண்ணைச் சொல்பவரைவிட, “மேனுவல்ல என்ன போட்டிருக்கு?” என்று திருப்பிக் கேட்பவரைத்தான் நான் நம்புவேன். கை அவருடையது, வண்டியைப் பற்றிய விவரம் நம்மிடமிருந்துதான் போக வேண்டும். அதை ஒரு தாளில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். பேட்டரி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, எர்த் (பாடியுடன் இணையும் பேட்டரி முனை) பாசிட்டிவா நெகட்டிவா, பாயின்ட் கேப், டாப்பெட் கேப், டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்), பிரேக் ஆயில் வகை, நட்டுகளின் அளவுமுறை எல்லாம் அதில் இருக்கட்டும். பல பிரிட்டிஷ் கார்களில் 1960-களின் நடுப்பகுதி வரை பாசிட்டிவ் எர்த்தான். தெரியாதவர் வழக்கம்போல நெகட்டிவை எர்த்தாக இணைத்தால் சேதம் வரும். விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அளவுமுறை) நட்டில் மெட்ரிக் ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் முனை மழுங்கிவிடும். பிறகு உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும். சிட்ரோயன் டி.எஸ். என்ற பிரெஞ்சு கார் என்றால் இன்னும் கவனம்: பச்சை எல்.எச்.எம். (மினரல் ஹைட்ராலிக்) ஆயில் ஓடும் வண்டியில் சாதாரண பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல்கள் எல்லாம் கெட்டுப்போகும்.

வழியில் அடிக்கடி வரும் தொல்லை, சூடானதும் வண்டி நின்றுபோய் அரை மணி கழித்துத் தானாகக் கிளம்புவது. சந்தேகப்பட வேண்டியவை மூன்று: கண்டன்சர் (பாயின்ட்டில் பொறி பறக்காமல் காக்கும் சிறு மின்பாகம்), இக்னிஷன் காயில் (ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்), குழாயில் ஆவியாகி நிற்கும் பெட்ரோல். ஆறவிட்டால் பழுது மறைந்துவிடும். நின்ற உடனே பாருங்கள். முதலில் ஸ்பார்க். ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, உபரி பிளக்கில் மாட்டி, எஞ்சின் உலோகத்தில் அழுத்தி வைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். நீலமாகத் தடித்து அடித்தால் இக்னிஷன் சரி. மஞ்சளாக, மெலிந்து வந்தால் கண்டன்சரை முதலில் மாற்றுங்கள். பாயின்ட்டில் பெரிய பொறி பறந்தாலும் அதுதான் காரணம். சரியாகவில்லை என்றால் காயில். ஸ்பார்க் நன்றாக இருந்தால் மட்டும், காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை ஒரு பாட்டிலுக்குள் விட்டு எஞ்சினைச் சுற்றுங்கள். பெட்ரோல் விட்டு விட்டுப் பீய்ச்ச வேண்டும். வராவிட்டால் பம்ப்மேல் ஈரத்துணி போடுங்கள். உடனே வர ஆரம்பித்தால் ஆவிதான் அடைத்திருக்கிறது. அப்போதும் வராவிட்டால் பம்ப்பின் டயாஃப்ரத்தை (பெட்ரோலை உறிஞ்சித் தள்ளும் சவ்வு) பாருங்கள். இந்தச் சோதனையை முடித்துவிட்டுப் பட்டறைக்குப் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கான லூகாஸ் நிறுவன டிஸ்ட்ரிபியூட்டரில் (ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பகிர்ந்தனுப்பும் பாகம்) பொதுவாகப் பாயின்ட் கேப் 0.35 முதல் 0.40 மி.மீ. பாயின்ட்டைத் திறக்கும் கேம் மேட்டின் உச்சியில் வைத்துத்தான் அளக்க வேண்டும். கேப் மாறினால் டைமிங்கும் மாறும். அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேமில் உராயும் பாயின்ட்டின் குதியில் துளி கிரீஸ் இல்லையென்றால் அது தேய்ந்து, கேப் சுருங்கி, எஞ்சின் இழுவை குறையும்.

உபரிப் பாகங்களுக்கான பெட்டியில் பாயின்ட், இரண்டு கண்டன்சர், ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, காயில், பிளக்குகள், ஃபேன் பெல்ட், பம்ப் டயாஃப்ரம் கிட், ரேடியேட்டர் ஹோஸ்கள், வீல் சிலிண்டர் ரப்பர்கள், எத்தனால் தாங்கும் பெட்ரோல் ஹோஸ் இரண்டு மீட்டர் இருக்கட்டும். புது கண்டன்சர் சில நாளிலேயே செத்துப்போவது உண்டு. ஓடி நிரூபித்த பழையதைத் தூக்கிப் போடாதீர்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், பிரிக்கும் முன் போட்டோ எடுங்கள். இரண்டு விஷயத்துக்கு உறுதியாக வேண்டாம் என்று சொல்லுங்கள். கேஸ்கெட்டில் சிலிக்கான் பசையை அள்ளிப் பூசினால் பிதுங்கி விழும் துண்டு ஆயில் வடிகட்டியை அடைக்கும். 7 பி.எஸ்.ஐ. ரேடியேட்டர் மூடிக்குப் பதில் 13 போட்டால் பழைய ஹோஸும் ஹீட்டரும் வெடிக்கலாம்.

முடிந்ததும் நேராக நெடுஞ்சாலை ஏறாமல், ஊருக்குள்ளேயே சில கிலோமீட்டர் ஓட்டித் திரும்பி வந்து ஒழுகலும் பிரேக் மிதியும் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் 80 கி.மீ. ஓடிய பிறகு நட்டுகளை இன்னொரு முறை இறுக்குங்கள்.