திங்க்பேட் டி480 லேப்டாப்: தூசி தட்டி, பேஸ்ட் மாற்றிப் பூட்டிய விதம்

விசிறி ஓயாமல் இரைகிறது, அடிப்பக்கம் மடியில் வைக்க முடியாத அளவு சுடுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தூசியை. ப்ராசஸரின் சூட்டை மேலே உள்ள உலோகத் தகட்டுக்குக் கடத்தப் பூசியிருக்கும் பேஸ்ட் காய்ந்திருப்பது அடுத்தது. இரண்டையும் ஒரே தடவையில் முடித்துவிடலாம். நிதானமாகச் செய்தால் ஒரு மணி நேர வேலை.

பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர், பழைய ஏடிஎம் கார்டு, 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நூல் பிரியாத துணி, இடுக்கி, டார்ச், மின்சாரம் கடத்தாத சாதாரண தெர்மல் பேஸ்ட், இவ்வளவுதான் தேவை. பேஸ்டுக்குப் பதிலாகச் சிலர் பூசும் திரவ உலோகம் இதற்கு வேண்டவே வேண்டாம். அது மின்சாரம் கடத்தும், ஒரு துளி சிதறினாலும் மதர்போர்டு போய்விடும்.

டி480க்கு இரண்டு பேட்டரி. பின்னால் இருப்பதைக் கையால் கழற்றிவிடலாம். உள்ளே இருப்பதை மறந்துவிட்டுத்தான் பலர் போர்டைச் சுட்டுவிடுகிறார்கள். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, ஆன் செய்யும்போது எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸ் வருவதற்கு முன் வரும் அமைப்புத் திரை) போய், கான்ஃபிக், பவர், 'டிசேபிள் பில்ட்-இன் பேட்டரி' கொடுங்கள். மெஷின் தானே அணைந்துவிடும். பிறகு வெளி பேட்டரியைக் கழற்றுங்கள்.

அடிமூடியில் ஆறு ஸ்க்ரூ. அவை மூடியோடேயே நிற்கும், வெளியே வராது. வரவில்லையே என்று நெம்பக் கூடாது. எல்லாம் தளர்ந்ததும் கார்டை இடுக்கில் விட்டு ஓரமாக நகர்த்தினால் கொக்கிகள் 'டக் டக்' என்று விடும். ஒரே மூலையில் பலம் கொடுத்தால் கொக்கி உடையும்.

விசிறியும் ஹீட்சிங்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) ஒரே துண்டு. விசிறி ஒயரின் பிளக்கை முதலில் எடுத்துவிடுங்கள். ப்ராசஸர் மேல் உள்ள ஸ்க்ரூக்களை எதிரெதிராக, தடவைக்கு அரைச் சுற்று வீதம் தளர்த்துங்கள். ஒரு பக்கம் முழுதாகக் கழன்று மறுபக்கம் இறுகியிருந்தால், மேல்மூடி இல்லாத ப்ராசஸர் சிலிக்கானின் மூலையில் மொத்த அழுத்தமும் விழும், அது பெயர்ந்துவிடும். பேஸ்ட் பிடித்துக்கொண்டு வரவில்லையென்றால் இழுக்காதீர்கள். லேசாக இடமும் வலமும் திருகினால் விட்டுவிடும்.

இப்போது காற்று வெளியேறும் இடத்தில் இருக்கும் ஹீட்சிங்க் செதில்களின் உட்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். விசிறிக்கும் செதிலுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி தூசி படிந்திருக்கும். காற்றை அடைப்பது இதுதான். வெளிப்பக்கமிருந்து உள்நோக்கி ஊதி, இடுக்கியால் எடுங்கள். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடில்லாமல் சுற்றினால் பேரிங் கெடும்.

பழைய பேஸ்டை ஆல்கஹாலால் துடைத்து, புதியதைக் கார்டு முனையால் சிலிக்கான் முழுக்க மெல்லிசாகத் தடவுங்கள். நடுவில் பொட்டு வைத்து விடுவதை இங்கே நம்ப முடியாது. மூலை ஒன்று காய்ந்து நின்றாலும் அந்த இடம் சுடும். தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டை) ஏதும் கிழிந்திருந்தால் அதே தடிமனில் வாங்குங்கள். கூடுதல் தடிமன் செப்புத் தகட்டைத் தூக்கிவிடும், பேஸ்ட் தொடாது.

மறுபடி எதிரெதிராகவே இறுக்கி, விசிறி பிளக்கை மாட்டி, மூடியைப் பூட்டுங்கள். பவர் பட்டனுக்கு அசையவில்லையென்றால் பதற வேண்டாம்: உள் பேட்டரி சார்ஜர் செருகினால்தான் விழிக்கும். 'ஃபேன் எரர்' என்று திரையில் வந்தால் அந்தப் பிளக் சரியாக உட்காரவில்லை. வேலை கொடுத்த உடனேயே வெப்பம் 100 டிகிரியை எட்டினால் தகடு சரியாகப் படியவில்லை. திறந்து, துடைத்து, புது பேஸ்டோடு மறுபடி பூட்டுங்கள்.