வெள்ளவத்தை நாட்குறிப்பு: ஒரே காய்ச்சல், வேறுவேறு உடல்கள்

யூன் 3, செவ்வாய்

தென்மேல் பருவமழை தொடங்கியதிலிருந்து எங்கள் ஒழுங்கையில் இருமல் கேட்காத வீடில்லை. இன்று தம்பியும் காய்ச்சலோடு படுத்துவிட்டான். கொழும்பில் இந்த மாதங்களில் டெங்குவையும் நினைவில் வைக்க வேண்டியிருப்பதால் அவனுக்குப் பரசிற்றமோலைத் தவிர வேறு குளிசை எதுவும் கொடுக்கவில்லை. இரத்தப் பரிசோதனையும் செய்விப்போம். வேறு நோயில்லாத இளைஞன் என்பதால், இன்புளுவென்சா என்றாலும் ஓய்விலேயே அவன் தேறிவிடக்கூடும். என் கவலையெல்லாம் அதே வீட்டில் இருக்கும் அம்மம்மாவையும் அக்காவையும் பற்றியது.

யூன் 4, புதன்

அம்மம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நீரிழிவும் இதயநோயும் இருக்கின்றன. இவற்றுள் ஒன்றே போதும், கிருமி நுரையீரலுக்குள் இறங்கும்போது உடல் தடுமாறுவதற்கு. இரத்தத்தில் சீனி நெடுங்காலம் உயர்ந்திருந்தால் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களின் வேகம் குறைகிறது. காய்ச்சலோ அந்தச் சீனியை இன்னும் ஏற்றிவிடுகிறது. இதயத்துக்கு நேரும் ஆபத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதேயில்லை. 2018இல் வெளியான கனடிய ஆய்வொன்று, இன்புளுவென்சா உறுதிசெய்யப்பட்ட முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஆறு மடங்காக உயர்வதைக் காட்டியது. ஆகவே 'தடிமன்தானே' என்று இத்தகையவர்களை வீட்டிலேயே வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அக்காவுக்கு ஏழாம் மாதம். வளரும் கருப்பை, நுரையீரலுக்குக் கீழுள்ள தசையான உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, ஒட்சிசன் தேவையும் கூடுகிறது, நோயெதிர்ப்பும் மாறியிருக்கிறது. ஆரோக்கியமான கர்ப்பிணிகளும் கடுமையாக நோயுறக்கூடும் என்பதை 2009இன் எச்1என்1 இன்புளுவென்சாத் தொற்று உலகெங்கும் உணர்த்தியது. அந்த ஆபத்து பிரசவத்துக்குப் பின்னும் இரண்டு வாரங்கள் வரை நீடிக்கிறது. அக்காவை இன்றே மாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

யூன் 6, வெள்ளி

அம்மம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை; இருமலும் பெரிதாக இல்லை. ஆனால் காலையில் சாப்பாட்டைத் தொடவில்லை, இன்று என்ன கிழமை என்பதையும் இரண்டு முறை மாற்றிச் சொன்னார். முதியவர்களில் உடல் சுடாமலேயே தொற்று முற்றலாம், குழப்பமும் உணவை மறுப்பதுமே முதல் அறிகுறிகளாக வரலாம் என்பதை அறிந்திருந்ததால், மாலைவரை காத்திருக்காமல் வைத்தியரிடம் கூட்டிச் சென்றோம். இன்புளுவென்சா ஏ என்று பரிசோதனை காட்டியது. இரத்தத்தில் ஒட்சிசன் அளவு 95 சதவீதம் இருந்தது. ஒசெல்டமிவிர் என்ற வைரசு எதிர்ப்பு மருந்து, அறிகுறி தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் கொடுக்கும்போதே அதிகம் பலனளிக்கும் என்பதால் உடனே தொடங்கினார்கள். நீரிழிவுக் குளிசைகளையும் இதயக் குளிசைகளையும் தாமாக நிறுத்த வேண்டாம் என்றும், ஒட்சிசன் அளவு 94க்குக் கீழ் இறங்கினாலோ மூச்சு வாங்கினாலோ இரவென்றும் பாராமல் கொண்டுவருமாறும் வைத்தியர் சொன்னார்.

யூன் 9, திங்கள்

அம்மம்மா கஞ்சி குடித்தார், பேச்சும் தெளிந்துவிட்டது. தம்பி எழுந்து நடமாடுகிறான்.

அக்காவுக்கு இதுவரை அறிகுறி எதுவுமில்லை. இன்புளுவென்சாத் தடுப்பூசியைக் கர்ப்பகாலத்தின் எந்த மாதத்திலும் போடலாம். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அந்த ஊசி போட முடியாது. தாயிடமிருந்து வரும் எதிர்ப்புப் பொருட்களே அந்த மாதங்களில் குழந்தையைக் காக்கும். அடுத்த கிளினிக்கில் அதைக் கேட்டுப் போட்டுக்கொள்வதாக அக்கா சொல்லியிருக்கிறாள்.