ஆறு மாதக் கெடுவும் ஒரு நீலக்கோடும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தெற்கே, ஒரு சரிவின் அடியில் எங்கள் வீடு. 2022 ஏப்ரல் 11 ராத்திரி குவாசூலு நட்டால் மாகாணத்தையே புரட்டிப்போட்ட மழையில், மேட்டிலிருந்த புதுக் குடியிருப்புப் பக்கமிருந்து தண்ணீர் இறங்கிப் பின்சுவரைச் சாய்த்துவிட்டது. சாமி அறைக் குத்துவிளக்கைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். திரிக்குழியில் இன்னும் மணல் நெருடுகிறது.

மேலே முன்பு நாணல் ஓடைதான் இருந்தது. அதை மூடிக் கட்ட நகராட்சி எப்படி அனுமதி கொடுத்தது? கேட்கும் வழி தெரியாமல், சேறு அள்ளியே ஐந்து மாதம் ஓடிவிட்டது. செப்டம்பரில் கோயிலில் பார்த்த வக்கீல், "நோட்டீஸ் கொடுத்தாச்சா அண்ணா?" என்று கேட்ட பிறகுதான் 2002ஆம் ஆண்டின் 40ஆம் எண் சட்டம் என் காதில் விழுந்தது. அரசு அமைப்பிடம் நஷ்டஈடு கேட்பவர் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நகராட்சி என்றால் முனிசிபல் மேனேஜருக்கு. கெடு தப்பினால் கோர்ட்டில் தக்க காரணம் காட்டி மன்றாடலாம். "சேறு அள்ளினோம்" எடுபடுமா என்று பரீட்சை பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. அக்டோபர் முதல் வாரம் நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். என் நகலிலும் முத்திரை விழும்வரை கவுண்டரை விட்டு நகரவில்லை; பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

இயற்கைச் சீற்றம், பொறுப்பேற்க முடியாது என்று பதில் வந்தது. வக்கீல் அசரவில்லை. விவரமான ஆள் இந்த ஆபத்தை முன்பே ஊகித்திருப்பாரா, ஊகித்தால் தடுக்க ஏதாவது செய்திருப்பாரா, இவர்கள் செய்தார்களா: 1966ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று வகுத்த அளவுகோல் அது. புதுக் குடியிருப்பின் மனைப்படத்தில், நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எட்டும் கோட்டைக் காட்டியாக வேண்டும் என்கிறது 1998 தேசிய நீர்ச் சட்டத்தின் 144ஆம் பிரிவு. அப்படியென்றால் படம் வேண்டும். தகவல் பெறும் சட்டத்தின்படி மனு போட்டோம். 30 நாள் பதிலே இல்லை. பதில் இல்லாவிட்டால் மறுத்ததாகக் கணக்கு. மேல்முறையீடு செய்த பிறகே படம் வந்தது.

மேசையில் விரித்தோம். வெள்ளம் எட்டும் எல்லையைக் காட்டும் நீலப் புள்ளிக்கோடு அந்தக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம் வழியாக இறங்கி, எங்கள் வேலியைத் தாண்டி, அப்பா பிளான் இல்லாமல் இழுத்துக் கட்டிய சமையலறைக்குள் நுழைந்திருந்தது. ஆயா இருந்தவரை அந்த மூலையில் வாழையைத் தவிர எதற்கும் இடம் கொடுத்ததில்லை.

"அவங்களும் இதைப் பார்ப்பாங்க அண்ணா" என்றார் வக்கீல். கேட்பவர் பக்கமும் தவறிருந்தால் ஈட்டுத் தொகையைக் குறைக்க 1956ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதாம். சமையலறையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம். மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வழக்குப் போடும் உரிமை மூன்று ஆண்டில் காலாவதி என்பதால் அதற்குள்ளேயே வழக்குத் தொடுத்து நகராட்சிக்குச் சம்மன் அனுப்பினோம். பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே சுவருக்கு ஆன செலவில் ஒரு பங்கு தர முன்வந்தார்கள். வாங்கிக்கொண்டோம். வழக்கை நடத்தியிருக்கலாம் என்று மச்சான் இன்றும் குறைபடுகிறான். வக்கீல் ஃபீஸ் கட்டியது அவனில்லை.

போன மாதம், வீட்டின் மேட்டுப் பக்கம் சமையலறை கட்ட பிளான் கொண்டுபோனேன். கவுண்டரில் முத்திரை குத்திய அதே அம்மா தாள்களைப் புரட்டிவிட்டு, "வெள்ளக்கோட்டுக்கு என்ஜினியர் சான்று எங்கே?" என்றார்.